முருகைக்கல்லுக்கு லைட் கட்டிய கதை

எனக்குத் தொழில் லைட் கட்டுவது. கோயில் திருவிழா, கல்யாணம், பள்ளிக்கூட விழா என்று எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே என் ஜெனரேட்டர் நிற்கும். மட்டக்களப்பில் இந்தத் தொழிலில் இன்னும் சிலர் இருந்தார்கள்தான். ஆனால் வாசல் வளைவில் மயில் தோகை விரிந்து மடங்குகிற மாதிரி பல்புகளை ஓட விடுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். அப்பேர்ப்பட்ட எனக்கே ஒரு கல் தண்ணி காட்டியது.

சண்டைக் காலம். இரவுத் திருவிழாக்களைப் பொழுது சாய முன்னமே முடித்துக்கொண்டார்கள். பகல் பூசைக்கு லைட் கட்டச் சொல்லி யார் கூப்பிடுவார்கள்? சாமான்களெல்லாம் பெட்டி பெட்டியாகப் பின் அறையில் கிடந்தன. வேலை இல்லாமல் கை பரபரத்தபடி நான் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். என் மனைவிக்கோ வேறு கவலை. அவள் வடக்கே கடற்கரையோரக் கதிரவெளிக்காரி. பாதை பூட்டிக் கிடந்ததால் ஊருக்குப் போய்க் கனகாலமாகிவிட்டது. அவளுடைய தம்பி மட்டும் கருவாட்டு வியாபாரத்துக்கென்று ஆமியிடம் பாஸ் எடுத்து வாழைச்சேனை வழியாக எப்போதாவது வந்துபோவான்.

ஒருநாள் அவன் கருவாட்டு மூட்டையோடு ஒரு மூடி போட்ட வாளியையும் தூக்கிக்கொண்டு வந்தான்.

“இதென்ன மச்சான்?” என்று கேட்டேன்.

“முருகைக்கல்லு அத்தான். வலையில முறிஞ்சு வந்தது. அக்காக்குக் காட்டுவமெண்டு கொண்டுவந்தன். சென்றியில மறிச்ச ஆமிக்காரன் வாளிக்குள்ள கைய விட்டுத் துழாவிப் பாத்தான். கல்லெண்டு கண்டதும் எனக்கு விசர் எண்டு நினைச்சு விட்டுட்டான்.”

அவர்கள் ஊர்க் கரையில் முருகைக்கல், அதுதான் பவளப்பாறைத் துண்டுகள், மலை மலையாக ஒதுங்கிக் கிடக்கும். அதை அள்ளிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் அடித்திருந்ததும் அந்தச் சுண்ணாம்புதான். முருகைக்கல் என்றால் எங்களுக்கெல்லாம் வெள்ளைக் கல். வாளிக்குள் இருந்ததோ பால் விடாத கடும் சாயத் தேத்தண்ணியின் நிறத்தில் இருந்தது. மனைவி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தாள். கல்லின் சின்னச் சின்னக் கண்களிலிருந்து நூல் நூலாக விரல்கள் வெளியே வந்து அசைந்தன! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“உயிரோட இரிக்கி,” என்றாள். “எனக்குத்தான் அங்க போகேலாது. எங்கட கடலில இருந்து வந்த இதாவது என்னோட இரிக்கட்டும்.”

தம்பி சிரித்தான். “ரெண்டு நாளில செத்து மணக்கும் அக்கா. பேசாமச் சூளைக்குக் குடு. நான் அடுத்தமுறை வரக்குள்ள இது உயிரோட இருந்தா என்ட மீசைய வழிக்கிறன்.”

மீசை அவனுக்கு உயிர். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. முன்பு ஒரு திருவிழாவில் சனத்தை இழுப்பதற்காகத் தங்கமீன் விட்டு அடியில் லைட் போட்டு வைத்த கண்ணாடித் தொட்டி சும்மா கிடந்தது. அதைக் கழுவினேன். சைக்கிள் கரியரில் பிளாஸ்டிக் கான் கட்டிக் கல்லடிக் கடலிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தேன். காற்றுக் குமிழி விடும் மோட்டரையும் பூட்டினேன். இனி வெளிச்சம்தான் பாக்கி.

“வீட்டு வெளிச்சம் இதுக்குக் காணுமாங்க?” என்று மனைவி கேட்டாள்.

என்னிடமா கேட்கிறாய்! இருந்த லைட்டுகளிலேயே பெரியதை, கோயில் முன் வீதியைப் பகலாக்கும் அந்த ஹலஜன் லைட்டைத் தொட்டிக்கு நேர் மேலே தொங்கவிட்டேன். கடலுக்கு மேலே வெயில் கொளுத்துகிறது, ஆகவே முருகைக்கல்லுக்குக் கொளுத்துகிற வெளிச்சம் வேண்டும் என்பது என் கணக்கு. சுவிட்சைப் போட்டதும் கதிரைக்கடியில் படுத்திருந்த பூனை எழும்பி ஓடியது. அந்த ஓட்டத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

சில நாட்களில் கல்லின் நுனி வெளுத்தது. பிறகு மெல்ல மெல்ல முழுவதும் வெளுத்து, புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரிப் பளிச்சென்று நின்றது. எங்களுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி மாளாது. அழுக்குப் போய் அசல் நிறம் வந்துவிட்டதென்றே நினைத்தோம். மனைவி கைதட்டினாள். “எங்கட கரையில கிடக்கிற மாதிரியே வந்திட்டு!” நான் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவர் விடாமல் என் லைட்டைப் புகழ்ந்தார்கள். அன்று முழுக்க என் கால் நிலத்தில் படவில்லை.

அன்று பின்னேரம் லைட்டை அணைத்த பிறகும் அவள் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

“விரல் ஒண்டையும் காணல்ல,” என்றாள்.

“நித்திரையா இருக்கும்.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். முகம் செத்திருந்தது. “கரையில வெள்ளையாக் கிடக்கிறதெல்லாம் செத்துப்போனதுதானேங்க.”

தண்ணீருக்குள் கையை விட்டேன். பிள்ளையைக் குளிப்பாட்ட வைத்த தண்ணீர் போல வெதுவெதுப்பாக இருந்தது. வெள்ளையைக் கண்டு இப்படிக் கைதட்ட, சூளைச் சுண்ணாம்பைப் பார்த்தே வளர்ந்த எங்களால்தான் முடியும். ஓடிப்போய் ஹலஜன் லைட்டைக் கழற்றி எறிந்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

உயிர் கொஞ்சமாவது மிஞ்சியிருக்காதா என்ற நப்பாசையில் விடிந்ததும் கல்லடிக்குப் போய்ப் புதுத் தண்ணீர் கொண்டுவந்து மாற்றினேன். பிறகு, என் தொழிலில் நான் யாரிடமும் கேட்டிராத கேள்வியை அவளிடம் கேட்டேன்.

“கடலுக்குள்ள வெளிச்சம் எப்படி இருக்கும்?”

சின்ன வயதில் அண்ணன் தம்பிமாரோடு கடலில் மூழ்கிச் சுழியோடியவள் அவள். கண்ணை மூடி யோசித்தாள். “மேலதான் வெயில் சுடும். உள்ளுக்குப் போகப் போகச் சூடு இல்ல. சிவப்பும் இல்ல. என்ட சிவப்புச் சட்டையே கறுத்துத்தான் தெரியும். எல்லாம் நீலம்.”

நீலம்! பின் அறையில் ஒரு பெட்டி முழுக்க எனக்குக் கலர் ரியூப் லைட் இருந்தது. திருவிழாவே இல்லாமல் தூசி பிடித்துக் கிடந்த பெட்டியை இழுத்துவந்து உடைத்தேன். வயரை விரித்து, ஒவ்வொன்றாய்த் தொட்டிக்கு மேலே பிடித்துக் காட்டினேன். அவள்தான் தீர்ப்புச் சொன்னாள்.

மஞ்சள். “கல்யாண வீடு.”

சிவப்பு. “ஐயோ, சூரன்போர்.”

பச்சை. “கூத்தில பேய் வாற நேரம்.”

நீலத்தைப் போட்டேன். அவள் கிட்ட வந்தாள். “கொஞ்சம் வெள்ளையும் வேணும்,” என்றாள். நீலம் இரண்டுக்கு நடுவில் ஒரு வெள்ளையைச் சேர்த்தேன். “மேல தூக்குங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்.” கூரை முகட்டு வளையில் கயிறு போட்டு, சாமி ஊஞ்சலை இழுப்பது போல மெல்ல மெல்ல இழுத்தேன். வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கி, சுவரெல்லாம் நெளிந்தது. “இதுதான்!” என்று கத்தினாள். “இதுதாங்க! எங்கட கடல்!” நானும் சேர்ந்து கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன, சண்டை முடிஞ்சிட்டா?” என்று கேட்டார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் கடிகாரம் அந்தத் தொட்டிதான். காலையில் லைட் போடுவோம், இருட்ட முன்பு அணைப்போம். இருட்டிய பிறகு யன்னலில் நீல வெளிச்சம் தெரிந்தால் ரோந்து வருபவர்களுக்கு யார் விளக்கம் சொல்வது? கரண்ட் நின்றால் ஜெனரேட்டரை இழுப்பேன். கல்லடித் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஒரு காலையில் கல்லின் அடியில் தேத்தண்ணிக் கறை மாதிரி இலேசாக மண்ணிறம் தெரிந்தது. கண் மயக்கம் என்று நினைத்தேன். அடுத்தடுத்த நாட்களில் கறை மேலே ஏறியது. ஆனால் விரல்கள் மட்டும் வரவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் அவள் போய்ப் பார்த்துவிட்டுக் குசினி அடுப்படிக்குப் போவாள். எனக்கு அதைப் பார்க்கத் தாங்காது.

மாரி தொடங்கி வானம் மூடிக் கிடந்த ஒரு பின்னேரம் தம்பி நனைந்துகொண்டு வந்து சேர்ந்தான். வந்ததும் வராததுமாகத் தொட்டியைப் பார்த்தான்.

“நிறம் இரிக்கி. உயிர் இரிக்கா அத்தான்?”

நான் பதில் சொல்ல வாய் திறக்கும்போது பார்த்து கரண்ட் போய்விட்டது. மானம் போகப் போகிறதே என்று ஜெனரேட்டருக்கு ஓடினேன். இழுக்கிற கயிற்றைக் கையில் பிடித்துவிட்டேன்.

“இழுக்காதீங்க!” என்றாள் மனைவி. “சத்தம் போடாம வாங்க.”

மழை இருட்டில் மூவரும் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி நின்றோம். முதலில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பிறகு ஒரு விரல். பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல் முழுவதும் நூல் நூலாக விரிந்து அசைந்தது. இத்தனை நாளும் வெளிச்சத்தில் தேடியது இருட்டில்தான் வெளியே வரும் என்று விளங்க, கரண்ட் வந்தாலும் எரியாதபடி வீட்டுச் சுவிட்சுகளையெல்லாம் அணைத்துவிட்டு வந்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எந்தத் திருவிழாவிலும் எனக்கு அப்படி ஒரு சந்தோசம் வந்ததில்லை.

தம்பி மீசையைத் தடவினான். “சரி, வழிக்கத்தான் வேணும். அக்கா, இது முறிஞ்ச இடம் எனக்குத் தெரியும். தாய்க்கல்லு அங்கதான் கிடக்கு. இன்னொரு துண்டு கொண்டுவரட்டா?”

அவள் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வேணாம். அது அங்கயே கிடக்கட்டும்,” என்றாள். “பாதை திறக்கட்டும். நானே வந்து பாக்கிறன்.”

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. பக்கத்து வீடுகளில் விளக்குகள் எரிந்தன. நான் எங்கள் வீட்டுச் சுவிட்சைத் தொடவில்லை.