சொந்தப் படகில் வந்த சிப்பி

துறைமுகத்தில் அவளுக்கு முக்குளி அக்கா என்று பெயர். நீருக்குள் இறங்கி, கப்பல்களின் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டுவது அவள் வேலை. வேறு கடற்கரையிலிருந்து கப்பல் சமையல்காரனாக வந்து இறங்கியவன், அவளைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டான். வாயில் காற்றுக்குழாய் இருக்கும்போது மட்டும்தான் அவள் பேச்சு நிற்கும் என்று சொல்லிச் சிரிப்பான்.

ஒரு வருடம் துறைமுகத் தூண்களிலெல்லாம் புதுச் சிப்பி அப்பிக்கொண்டது. உள்ளூர்ச் சிப்பிக்கு இடமே இல்லை. கடல் ஆய்வகத்து ஆராய்ச்சியாளப் பெண் கேட்டபடி அக்கா ஒரு வாளி அள்ளிக் கொடுத்தாள். மரபணுச் சோதனை முடிந்ததும் அந்தப் பெண் வீட்டுக்கே வந்தாள்.

"அக்கா, ரெண்டு கடல்லேர்ந்து ரெண்டு வகை கப்பல் அடியில ஒட்டிட்டு வந்து இங்க கலந்திருக்கு. ஒண்ணு குளிரைத் தாங்கும், இன்னொண்ணு சூட்டைத் தாங்கும். இந்தக் குட்டிங்க ரெண்டையும் தாங்குது. அதான் இந்தப் பரவல்."

"எங்க பொண்ணும் கலப்புதான்," என்றான் கணவன். "அவ ரெண்டு பேர் சொல்லையும் கேக்கமாட்டா."

தள்ளியிருந்த சிறு விரிகுடாவில் உள்ளூர்ச் சிப்பிகள் இன்னும் நன்றாக இருந்தன. அங்கேயும் பார்த்துவிடலாம் என்று அக்கா குதித்தாள். ஒரே ஒரு கட்டுத்தூணில் மட்டும் புதியவை கொத்தாகத் தொங்கின. பெரிய கப்பல் எதுவும் அங்கே வராது. ஞாயிறுதோறும் துறைமுகத்திலிருந்து வந்து அந்தத் தூணில் கட்டுவது அவள் குடும்பத்துப் படகைத்தான். அதன் அடியில் தடவிப் பார்த்தாள். சிப்பி தாடிபோல் வளர்ந்திருந்தது. சோதித்ததில் அதுவும் அதே கலப்பு.

முடிவு தெரிந்த அன்று சாப்பாட்டின்போது அவள் வாய் திறக்கவில்லை. கணவன் பயந்தே போனான்.

"ஊர்க் கப்பலுக்கெல்லாம் அடியைச் சுரண்டுறேன். என் படகைத் திருப்பிப் பாக்கலியே!"

"நானும்தான் ஊருக்கெல்லாம் வக்கணையா சமைக்கிறேன். வீட்டுல உனக்கு வெறும் ரொட்டிதானே போடுறேன்!"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப்போட்டு, போவோர் வருவோரிடமெல்லாம் தானே கதையைச் சொன்னாள். கேலி செய்தவர்கள் வீட்டுக்குப் போகிற வழியில் தங்கள் படகுகளையும் எட்டிப் பார்த்தார்கள். அந்த வாரக் கடைசியில் கரை முழுக்கப் படகுகள் கவிழ்ந்து கிடந்தன.

அவளும் ஆராய்ச்சியாளரும் விரிகுடாவில் இருந்த கொத்துகளைக் கையாலேயே பிடுங்கி எடுத்தார்கள். துறைமுகத்தை இனி மீட்க முடியாது. ஆனால் அடுத்த பருவத்தில் பார்த்தபோது விரிகுடாவில் உள்ளூர்ச் சிப்பி மட்டுமே இருந்தது. விரிகுடாவின் வாயிலில் மகள் ஒரு பலகை எழுதி மாட்டினாள்: 'அடியைக் காட்டிட்டு உள்ள போங்க.' பளபளக்கும் உல்லாசப் படகுக்காரர் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே விளக்குடன், கரையேற்றிய தன் படகுக்கடியில் தவழ்ந்தார்.