டீகா துடைத்த நெற்றி

காட்மாண்டுவின் அந்த நட்சத்திர ஓட்டல் சூதாட்டக் கூடத்தில் நேபாளிகள் விளையாடக் கூடாது. சட்டம் அப்படி. இந்தியாவிலிருந்து வரும் சேட்டுகளும் சீனாக்காரர்களும் தாராளமாகத் தோற்கலாம். அவர்களுக்குச் சீட்டுப் போடும் கை மட்டும் உள்ளூர்க் கை. அதில் சுபத்ரா கார்க்கியின் கை பேர் எடுத்த கை. கத்தாருக்குப் போன கணவன் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். மகள் அஸ்மியின் படிப்பும் வீட்டு அடுப்பும் அந்தக் கையை நம்பித்தான் ஓடின.

மேசையை விட்டு விலகும்போது கைகளை ஒரு தட்டு தட்டி, உள்ளங்கையை விரித்துக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். எதையும் எடுத்துப் போகவில்லை என்பதற்காக. சொந்தக்காரன் யாராவது எதிரே வந்து உட்கார்ந்தால் உடனே கையைத் தூக்கி மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும். தூக்காவிட்டால் வேலை போச்சு.

தீபாவளிக் கூட்டம் அலைமோதியதால், தம்பிமாருக்கு அக்காமார் டீகாப் பொட்டு வைக்கும் நாளன்றும் அவளுக்கு வேலை இருந்தது. காலையில் தம்பி நவராஜைப் பாயில் உட்கார வைத்து, எமன் நெருங்காதிருக்கச் சுற்றிலும் எண்ணெய்க் கோடு போட்டாள். தலையில் கடுகெண்ணெய் வைத்து, நெற்றியில் ஏழு நிறத்தில் டீகா இட்டு, அவனுக்கு வரும் கெடுதல் நொறுங்கட்டும் என்று வாசலில் அக்ரோட்டுக் கொட்டையை உடைத்தாள். தம்பி நூறு வயது வாழ வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள்.

"இன்னிக்கு எந்த மேசை, தீதி?" என்று கேட்டான் நவராஜ். அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அட, நம்மேல் இவ்வளவு அக்கறையா என்று பூரித்துப்போய்ச் சொல்லிவிட்டாள்.

மத்தியானம் அவள் மேசைக்கு இந்திய எல்லை ஊரான ரக்சௌலின் வியாபாரி ஒருவர் வந்து உட்கார்ந்தார். இந்திய வாக்காளர் அட்டை, நல்ல இந்தி, துடைத்துவிட்ட நெற்றி. ஆனால் கடுகெண்ணெய் வாசனை! அவள் வைத்த எண்ணெய். படுபாவி நவராஜ், அக்கா இட்ட டீகாவை அழித்துவிட்டு இந்தியனாக வேஷம் போட்டு வந்திருக்கிறான். கையைத் தூக்கியிருக்க வேண்டும். நல்ல நாளும் அதுவுமாகத் தம்பியைப் போலீஸ் இழுத்துப் போவதா என்று பேசாமல் சீட்டைப் போட்டாள். அங்கேதான் பைத்தியக்காரி கோட்டைவிட்டாள்.

அவள் நேர்மையாகத்தான் போட்டாள். அவன் தோற்றுக்கொண்டே போனான். வியர்த்துக் கொட்டியது. முடிக்குள் ஒளிந்திருந்த டீகாவின் மஞ்சள், எண்ணெயோடு கலந்து நெற்றியில் இறங்கியது. மேற்பார்வையாளர் ஞானேந்திராவின் நெற்றியிலும் அவர் அக்கா இட்ட அதே ஏழு நிறம். அவருக்குச் சொல்லியா தர வேண்டும்?

"உனக்கு யாருப்பா டீகா வெச்சது?" என்று நேபாளியிலேயே கேட்டார்.

நவராஜ் சட்டென்று சுபத்ராவைக் கை காட்டினான். "இவங்கதான் சார், என் அக்கா. வா, நான் பாத்துக்கறேன்னு இவங்கதான் வரச் சொன்னாங்க."

"நான் எப்படா வரச் சொன்னேன்?"

"மேசைய சொன்னது நீதானே, தீதி?"

கை தூக்காததைக் கேமரா காட்டிக் கொடுத்தது. நவராஜை எச்சரித்து அனுப்பினார்கள். சுபத்ராவின் சட்டையிலிருந்து பெயர் வில்லையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அதன்பிறகு ஊரில் எந்தக் கூடமும் அவளைச் சேர்க்கவில்லை. வீடு வீடாகப் பாத்திரம் துலக்கினாள்.

மறு வருஷம் அதே நாளில் நவராஜ் வந்தான். வெட்கமில்லாமல் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்தான். அஸ்மி டீகாத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

சுபத்ரா அவன் எதிரே வந்து நின்றாள். கைகளை ஒரு தட்டு தட்டினாள். உள்ளங்கைகளை விரித்து அவன் முகத்துக்கு நேரே காட்டினாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அந்த வருஷம் அவள் வாசலில் யாரும் அக்ரோட்டு உடைக்கவில்லை.