ஒரு படி தவிட்டுக்குப் போன பெண்

என் மூத்த மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஏழில் பிறந்தாலும் பிழைக்கும், எட்டில் பிறந்தது தங்காது என்பது ஆம்பூர்ப் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் கணக்கு. கூட ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்த குழந்தைக்கு ஏன் இந்த அபராதம் என்று யாரும் கேட்டதில்லை. எனக்குக் கேட்கத் தெம்பில்லை. அவள் அழுதால், பக்கத்துத் தெருவில் பூனைக்குட்டி கத்துவதுபோல் இருக்கும். அவ்வளவுதான் குரல்.

"வித்துடலாம்," என்றார் என் மாமியார்.

பயப்படாதீர்கள், எங்கள் பக்கத்தில் இது உண்டு. தங்காது என்று தோன்றும் குழந்தையைத் தவிட்டுக்கு விற்றுவிட்டால், எமன் வந்து விசாரிக்கும்போது 'அது எங்க வீட்டுப் பிள்ளை இல்லையே' என்று கையை விரித்துவிடலாம். வாங்குகிறவள் மட்டும், பெற்றதெல்லாம் பிழைத்த கைராசிக்காரியாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பக்கத்து வீட்டு ஆபாதான். ஆபா என்றால் உருதுவில் அக்கா. பேரன் பேத்தி எடுத்தவரானாலும் தெருவுக்கே அவர் ஆபாதான். அவர் வீட்டுக்காரருக்கு டேனரியில் வேலை. அங்கே தோல் ஊறவைக்கத் தவிடு மூட்டை மூட்டையாக வரும். அதில் ஒரு படி கேட்டு வாங்கிவந்து எங்கள் முறத்தில் கொட்டினார்.

"இன்னும் ரெண்டு கை போடு ஆபா," என்றார் மாமியார்.

"இத்தினியூண்டு பொண்ணுக்கு இதே ஜாஸ்தி!"

வியாபாரம் முடிந்தது. அன்றிலிருந்து 'என் குழந்தை' என்று நான் வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் விற்றது செல்லாது.

வேலூரிலிருந்து ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா வாரம் ஒருநாள் மோட்டாரில் வந்து, ரஸ்தா ஓரப் புளியமரத்தடியில் நோயாளிகளைப் பார்ப்பார். மாதம் முந்திப் பிறக்கிற குழந்தைகளைப் பிழைக்க வைக்க ஏதோ புது முறையைப் பரீட்சை பண்ணிப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, நாங்கள் மூவரும் குழந்தையோடு போனோம். அவர் முன்ஷியிடம் தமிழ் படித்தவர். வாயைத் திறந்தால் சாசனம் வாசிப்பதுபோல் இருக்கும்.

"இக்குழந்தையின் தாய் யார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் என் இடுப்பில் கிள்ளினார். "நான்தாம்மா," என்றார் ஆபா.

டாக்டரம்மா ஆபாவின் நரைத்த தலையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இந்த வயதிலா?"

"அல்லா குடுத்தான், வாங்கிக்கினேன். நான் இன்னா பண்றது?"

"உனக்குப் பால் உண்டா?"

ஆபா முக்காட்டை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டார். என் ரவிக்கை நனைந்து கிடந்ததை டாக்டரம்மா கவனித்துவிட்டார். "நீ யார்?"

"நான்... பால் குடுக்க வந்தவ."

அப்புறம் புது முறையைச் சொன்னார். அவர் பார்த்தவரையில் இந்தக் குழந்தைகள் நோயால் சாவதைவிடக் குளிரால் சாவதுதான் அதிகமாம். குளிப்பாட்டவே கூடாது. பஞ்சில் பொதிந்து, வெந்நீர் அடைத்த பாட்டில்களைத் துணி சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும். பாலைப் பீய்ச்சிச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பாட்டில் ஆறிவிட்டால், "தாய் தன் வெற்று மார்போடு அணைத்துக்கொள்ளட்டும்," என்று ஆபாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "கூலிக்குத்தானே வந்தோம் என்று எண்ணாதே, பெண்ணே. உன் சொந்தக் குழந்தையாகவே பாவித்துப் பால் கொடு."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆபா அந்த உத்தரவை அப்படியே எடுத்துக்கொண்டார். வெந்நீர் அடைத்த சோடா பாட்டில் ஆறினால் போதும், குழந்தையை ரவிக்கைக்குள் செருகி, முக்காட்டை இழுத்து மூடிச் சிலையாக உட்கார்ந்துவிடுவார். நான் கையை நீட்டினால், "பால் குடுக்கிற நேரமா? இல்லல்ல? போ, போய் சோறு துன்னு. தாய்கிட்டதான் இருக்கணும்னு டாக்டரம்மா சொல்லிச்சி," என்பார். அவர் தொழப் போகும்போதுதான் என் முறை. குழந்தையின் கால் விரல் சில்லென்று பட்டால் உள்ளங்கையில் பொத்திக்கொள்வேன். வெதுவெதுப்பு ஏறிய பிறகுதான் விடுவேன். மாமியார் பாடுதான் பரிதாபம். குளிப்பாட்டக் காய்ச்சிய எண்ணெயை வைத்துக்கொண்டு எங்களைச் சுற்றிச் சுற்றி வருவார்.

அடுத்த வாரம் டாக்டரம்மா புளியங்கிளையில் தராசைத் தொங்கவிட்டு நிறுத்தார். "குறைந்திருக்கிறது." அன்று இரவு பாட்டில் ஆறும்வரைகூடக் காத்திராமல் ஆபா குழந்தையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார். அதற்கடுத்த வாரம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

பிறகு ஒரு வாரம் டாக்டரம்மா முள்ளைக் குனிந்து பார்த்து, "கூடியிருக்கிறது!" என்று உரக்கச் சொன்னார். கூட்டத்தில் அது யார் காதிலும் விழுந்து கண் பட்டுவிடக் கூடாதே என்று மாமியார் அடித்தொண்டையிலிருந்து இருமினார். அந்த இருமலைக் கேட்டு டாக்டரம்மா பயந்துபோய், ஒரு பாட்டில் கசப்பு மருந்தும் கொடுத்து, குழந்தைப் பக்கம் வரக் கூடாது என்று அவரைத் தள்ளி நிற்க வைத்தார்.

"நீ நல்ல தாய்," என்று ஆபாவின் தோளைத் தட்டினார். என்னைப் பார்த்து, "நீயும் பரவாயில்லை."

'என் குழந்...' என்று ஆரம்பித்தேவிட்டேன். ஆபா என் காலை மிதித்தார்.

"கேட்டியா? நான் நல்ல தாய். நீ பரவாயில்ல," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பாலாற்று மணலில் இறங்கியதும் நின்று, முக்காட்டை விலக்கிக் குழந்தையை எடுத்து என் ரவிக்கைக்குள் வைத்தார்.

"இந்தா பால்காரி, பசியாத்து. அழுவுது பாரு, டேனரி வரைக்கும் கேக்குது."