கோமுகி மைனர் என்று ஒரு படம் இல்லை

பூமாலைக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. கிளாரினெட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். போன மாசி மாதம் அதை ஒரு நாளைக்கு நாலு தடவை துடைத்தார்.

காரணம் மகள் இசைவாணி கொண்டுவந்த சேதி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியாக்காரன் கம்பெனியில் அவளுக்கு வேலை. அங்கே கொரியாக்காரச் சூப்பர்வைசர் ஒருவர் எப்போதும் ஒரே பாட்டை முணுமுணுப்பாராம். என்ன பாட்டு என்று கேட்டிருக்கிறாள். எங்கள் நாட்டில் வெள்ளைக்காரன் பாணியில் முதன்முதலாக மெட்டுப் போட்டவர்களில் ஒருவர் எழுதியது, பள்ளிக்கூடத்தில் பாடினோம் என்றாராம். எழுதியவர் செத்து எத்தனையோ வருசமாம். பாட்டு இருக்கிறது, பேரும் இருக்கிறது.

"புத்தகத்துல பேரு போட்டிருக்குதாம்பா. நீயும் அதே மாதிரி எழுதுன ஆளுதான? உம்பேரு எங்க இருக்குது?"

பூமாலை துணியை எடுத்தார்.

சங்கராபுரம் பக்கத்து ஊர் ஒன்றின் காலனியில் பிறந்தவர். அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேருக்கும் காசிநாதன் வீட்டு நிலத்தில்தான் கூலி. பூமாலை பதினெட்டு வயதில் உளுந்தூர்பேட்டைக்கு ஓடிப்போய் லாரியில் மூட்டை ஏற்றினார். அங்கே போலீஸ் பேண்டு பயிற்சி எடுக்கும் சத்தம் கேட்கும். ஒருநாள் எட்டிப் பார்த்தார். காதால் கேட்டு வாசிப்பதுதான் வாத்தியம் என்று நினைத்திருந்த ஆள். அங்கே ஒவ்வொருவன் முன்னாலும் ஒரு காகிதம். காகிதத்தில் ஐந்து கோடு, கோட்டின் மேல் புள்ளிகள். அதைப் பார்த்து வாசிக்கிறான்.

பழைய பேப்பர் கடையில் அந்தக் கோட்டுப் புத்தகம் ஒன்று கிடைத்தது. இங்கிலீஷ் தெரியாது. டீக்கடைக்கு வரும் பேண்டு போலீசாரிடம் தினம் ஒரு சந்தேகம் கேட்டார். மூன்று வருசம். அதற்குள் ஒரு பழைய கிளாரினெட்டும் கைக்கு வந்தது. ஊர் திரும்பி, கல்யாணத்துக்கு வாசிக்கும் பேண்டு செட்டில் சேர்ந்து, இருபத்திரண்டாம் வயதில் சொந்தமாக ஒன்று எழுதினார். இரண்டு கிளாரினெட், இரண்டு டிரம்பெட், அடிக்குரலுக்கு ஒரு யூபோனியம். ஒவ்வொன்றுக்கும் தனி வரி. மேலே கிளாரினெட் ஒரு வழியில் ஏறும், கீழே யூபோனியம் வேறு வழியில் இறங்கும், இரண்டும் முட்டிக்கொள்ளாது. இந்தச் சீமையில் அப்படி எழுதிய முதல் ஆள் அவர்தான். மூட்டை தூக்கிய கையால் எழுதினார்.

முதலில் வாசித்தது காசிநாதன் கல்யாணத்தில், மாப்பிள்ளை அழைப்பில். மாலையும் சந்தனமுமாகக் காரில் வந்த காசிநாதனுக்கு மெட்டு பிடித்துவிட்டது. காரை நிறுத்திக் கூப்பிட்டார்.

"எந்தப் படம்டா இது?"

"நான் எழுதுனதுங்க."

ஊர்வலமே சிரித்தது. காசிநாதன் கையை நீட்டிக் கன்னத்தில் ஒரு அறை விட்டார். பலமான அறை இல்லை, விளையாட்டு அறை. அது இன்னும் மோசம்.

"எழுதுறியாமில்ல. ஒழுங்கா சொல்றா, எந்தப் படம்?"

"கோமுகி மைனருங்க."

"அதான பாத்தேன்." கார் நகர்ந்தது.

கோமுகி ஆற்றின் பேரில் எவன் படம் எடுப்பான்? ஒருவருக்கும் தோன்றவில்லை. காலனிக்காரன் எழுதினான் என்பதைவிட இல்லாத படத்தை நம்புவது சுலபமாக இருந்தது. மற்ற பேண்டு செட்டுகள் காதால் பிடித்துக்கொண்டன. ரிஷிவந்தியம் வரை அதற்கு 'மைனர் மெட்டு' என்றே பேர் ஆயிற்று. டூரிங் டாக்கீஸில் அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்ததாகச் சத்தியம் செய்தவர்கள்கூட உண்டு. முப்பத்தைந்து வருசம் இப்படிப் போனது. யார் கேட்டாலும் பூமாலையும் அதே படத்தின் பேரைச் சொன்னார். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து துடைத்தார்.

இந்த வருசம் சங்கராபுரத்துக் கலை மன்றம் ஒன்று, சொந்தமாக இசை அமைத்தவர்களுக்கு ஒரு விழா என்று நோட்டீஸ் போட்டது. இசைவாணி படிவம் எழுதினாள். 'இயற்றியவர்' என்ற இடத்தில் பூமாலை என்று வர வேண்டும். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

ஆள் தேர்வு ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மன்றத்தின் தலைவர் அதே காசிநாதன். செயலாளர் அறிவுச்செல்வன், கீபோர்டு வகுப்பு நடத்துகிற இளைஞர். பூமாலையோடு சேர்ந்து ஐந்து பேர் தொடங்கியதுமே அறிவுச்செல்வன் கையைத் தூக்கினார். இது சினிமாப் பாட்டு அண்ணே, என் கல்யாணத்திலேயே வாசித்தார்களே என்றார். அப்படி ஒரு படமே இல்லை என்றார் பூமாலை.

காசிநாதன் நாற்காலியில் சாய்ந்தார். "நீதானடா எங்கிட்ட சொன்ன. அப்ப பொய்யி சொன்னியா, இப்ப பொய்யி சொல்றியா?"

"அப்ப சொன்னதுதாங்க பொய்யி. நீங்க அறைஞ்சு வாங்குன பொய்யி."

சிரிக்க வாய் திறந்தவர்கள் மூடிக்கொண்டார்கள். அப்பா அன்றைக்குக் கோட்டில் எழுதிய பழுப்பேறிய காகிதங்களை இசைவாணி மேசையில் வைத்தாள். இதையெல்லாம் இப்போது இண்டர்நெட்டிலேயே இறக்கலாம் என்று அறிவுச்செல்வன் தொடாமலே தள்ளினார். பிறகு பெரிய மனசு பண்ணி ஒரு வழி சொன்னார்.

"பேசாம நாட்டுப்புறக் கலைன்னு போட்டுக்கலாம்ணே. இதெல்லாம் வேணாம், பறை எடுத்துக்கினு வாங்க. சலங்கை, துணி எல்லாம் நாங்க குடுத்துடறோம்." சொல்லிக்கொண்டே படிவத்தில் பூமாலை பேரை அடித்து 'நாட்டுப்புறம்' என்று எழுதினார்.

பறையில் கேவலம் ஒன்றும் இல்லை. பூமாலையின் அண்ணன் அடித்தால் ஊர் அதிரும். ஆனால் எழுதியவனைப் பார்த்து, நீ எழுதவில்லை, உன் சாதிக்கு அது தானாக வருகிறது என்று சொன்னால் அதற்குப் பேர் கேவலம்தான்.

இசைவாணிக்குப் பொறுக்கவில்லை. "கொரியாக்காரன் கோட்டுல எழுதுனா பாடப்புத்தகம், எங்கப்பா எழுதுனா நாட்டுப்புறமா?"

பூமாலை அன்றைக்குத் துடைக்கவில்லை. பேசினார்.

"சரிங்க, சினிமாப் பாட்டுன்னே வச்சுக்கலாம். ஊருக்கே தெரிஞ்ச பாட்டு. ரெண்டு பேரும் பாடி முடிங்க."

அறிவுச்செல்வன் முணுமுணுத்தார். காசிநாதன் தலையாட்டி மேசையில் தாளம் போட்டார். ஓரிடத்தில் இருவரும் சேர்ந்து நின்றார்கள்.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? அவ்ளோதான்," என்றார் காசிநாதன்.

"அவ்ளோதான் இல்லீங்க. அது மண்டபத்து வாசல்."

மாப்பிள்ளையோடு வரும் பேண்டு, மண்டப வாசலில் நின்றுவிட வேண்டும். உள்ளே நாதஸ்வரம். பேண்டுக்காரன் பின்பக்கமாகப் போய் இலை போடும்வரை காத்திருப்பான். பூமாலை எழுதியதில் பாதிதான் வாசல் வரைக்கும். மீதிப் பாதி உள்ளே வாசிக்க எழுதியது. முப்பத்தைந்து வருசத்தில் ஒரு மண்டபமும் அதைக் கேட்டதில்லை. மற்ற செட்டுக்காரர்களுக்கும் வாசல் வரைதான் தெரியும்.

பூமாலை கிளாரினெட்டை வாயில் வைத்தார். வாசலிலிருந்து தொடங்கினார்கள். டிரம்பெட் அடங்கியது. இதுவரை மேலே கிளாரினெட் சொன்னதை யூபோனியம் கீழே மெதுவாகச் சொன்னது. கிளாரினெட் அதற்குப் பதில் சொன்னது. அதே ரத்தம், வேறு முகம். கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் துடைப்பத்தை நிறுத்தினார்கள். அறிவுச்செல்வன் காகிதத்தை இழுத்தார். கீபோர்டு பரீட்சைக்குப் படித்த அளவுக்கு அவருக்கும் கோடு தெரியும். விரலை வைத்துக் கூடவே போனார். காகிதத்தில் இருந்ததும் காதில் விழுந்ததும் ஓரிடத்திலும் பிசகவில்லை. முடிந்ததும் படிவத்தை எடுத்து 'நாட்டுப்புறம்' என்பதை அடித்தார். இயற்றியவர் பூமாலை என்று எழுதினார்.

"பேர போட்டாச்சு. போதுமாடா?" என்றார் காசிநாதன்.

"போதாதுங்க. பேரு காயிதத்துல இருக்குது, பொய்யி ஊரு வாயில இருக்குது. விழாவுல மைக்குல நீங்களே சொல்லணும்."

நான் எதுக்குச் சொல்லணும் என்று காசிநாதன் எழுந்தார். பூமாலை கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்தார். மற்ற நாலு பேரும் வைத்தார்கள். விழாவுக்கு வந்த மற்ற மனுக்கள் இரண்டே இரண்டு. இரண்டும் அறிவுச்செல்வனின் சொந்த மாணவர்கள். அந்த இருவரை மட்டும் மேடையேற்றினால் ஊர் சிரிக்கும் என்று அவர்தான் ஒரு வாரம் தலைவர் வீட்டுக்கு நடந்தார்.

சித்திரையில் விழா. காசிநாதன் மைக்கைப் பிடித்தார். தொண்டையைக் கனைத்தார்.

"கோமுகி மைனர்னு ஒரு படம் கெடையாது. மெட்டு பூமாலை போட்டது."

அவ்வளவுதான். மன்னிப்பு இல்லை. 'டா'வும் இல்லை. கூட்டம் சிரித்தது, பிறகு கை தட்டியது. பூமாலை கும்பிடவில்லை. காலால் நாலு எண்ணி முதலிலிருந்து தொடங்கினார். எட்டு நிமிசம். எவனும் நடுவில் நிறுத்தவில்லை.