ஓசையில்லாமல் வரும் வண்டி

திருச்சுழிப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் ரயில் நிறுத்தத்தில் ஊழியர் ஒருவரும் இல்லை. ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரான எனக்கு எல்லா விதிகளும் தெரியும். கேட்பதற்குத்தான் ஆள் கிடையாது. ஆடு மேய்க்கும் பெண்கள் கருவேல நிழல் விழும் தண்டவாளத்தில் உட்கார்ந்துதான் கஞ்சி குடிப்பார்கள். முன்பு ஓடிய டீசல் எஞ்சினின் சத்தம் இரண்டு ஊருக்கு அப்பால் வரும்போதே கேட்டுவிடும். இப்போது ஓடுவது மின்சார எஞ்சின்.

"எந்திரிம்மா, அட்டவணையில இல்லாத சரக்கு வண்டியும் வரும்" என்றேன் ஒருத்தியிடம்.

"வந்தா சத்தம் கேக்காதாக்கும்? ரிட்டயரான பெறகும் கொடி ஆட்டுறீகளே!"

வண்டி நெருங்கும் அடையாளமாக மேலே மின்கம்பி நடுங்குவதைப் பார்த்து அவளை இழுத்தேன். ஹாரன் கேட்டபோதே வண்டி எங்களைக் கடந்துகொண்டிருந்தது. அவளது தூக்குவாளி தகடாகிக் கிடந்தது.

மறுநாளும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து நீங்க பேச்சுக் குடுத்ததாலதான் சத்தம் கேக்கல" என்றாள்.