யாழ்ப்பாணத்துக்காகப் பிராங்பேர்ட்டில் சாட்சி சொன்ன நாள்

காலை 6.15. ஜேர்மனியில் நான் இருக்கும் ஹம் நகர நிலையத்தில் ஹாகன் போகும் ரயிலில் ஏறினேன். வேலைக்குப் போகிறவர்கள் பாதி பேர் நித்திரையில் இருந்தார்கள். எனக்கு முதல்நாள் இரவே நித்திரை இல்லை. அன்று பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பிராங்பேர்ட்டில் எனக்கு ஒரு டெர்மின், நேரம் குறித்த சந்திப்பு, இருந்தது. என் வாழ்க்கையில் டெர்மின் என்றால் பல் வைத்தியர், அரச கந்தோர் இரண்டும்தான். இது இரண்டுமில்லை. யாழ்ப்பாணம் இருக்கத்தக்க இடமா என்று ஒரு ஜேர்மன் நிறுவனத்துக்கு நான் சொல்ல வேண்டும்.

மகள் ஷரோன் பிராங்பேர்ட்டில் கணினி வேலை செய்கிறாள். வயது இருபத்தெட்டு. ஆறு மாதம் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இங்குள்ள வேலையைச் செய்ய அனுமதி கேட்டிருந்தாள். அவளுடைய நிறுவனத்திடம் இடங்களின் பட்டியல் ஒன்று உண்டு. பச்சை என்றால் போகலாம். சிவப்பு என்றால் போகக் கூடாது. யாழ்ப்பாணம் மஞ்சளில் இருந்தது. போர் நடந்த இடம், அந்த ஊரை அறிந்த ஒருவரைக் கேட்டு முடிவு செய்யலாம் என்று அதற்கு அர்த்தமாம். அந்த ஒருவர் என்று அவள் என் பெயரை எழுதிவிட்டாள்.

"வீடியோவில கதைச்சாக் காணும் எண்டுதான் அப்பா அவையள் சொன்னவை. நான்தான் வேண்டாம் எண்டனான்" என்று தொலைபேசியில் சொன்னாள்.

"ஏன் பிள்ளை?"

"வீடியோ எண்டா நீங்கள் தலையை மட்டும் ஆட்டுவீங்கள். நேர வந்தா ரெண்டு வசனமாவது வரும்."

இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் பலருடைய பிள்ளைகளும் இப்போது இதே கதையைக் கதைக்கிறார்கள் என்று அறிகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிராங்பேர்ட்டுக்குப் போனது "வேண்டாம்" என்று சொல்வதற்கு. நான் வேண்டாம் என்றால் நிறுவனம் வேண்டாம் என்னும். மகளுக்கு என்மேல் கோபம் வராது, பட்டியல்மேல்தான் வரும். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

7.20. ஹாகனில் ரயில் மாறி சீகன் பக்கம். மாதச் சீட்டு அறுபத்து மூன்று யூரோ; அதில் வேக ரயில் ஏற முடியாது. முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த தூரத்துக்கு மூன்று ரயில், ஐந்து மணித்தியாலம். லென ஆறு ரயிலுக்கு ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமுமாக வந்தது. மலைச் சரிவில் பைன் மரங்கள் காய்ந்துபோய் நின்றன. அல்டெனா என்ற ஊரில் மலைக்கு மேல் ஒரு கோட்டை. பார்த்தேன் என்று எழுதலாம். மனம் அதில் இல்லை.

போன ஆகஸ்ட் மாதம் ஷரோனும் நானும் மூன்று கிழமை யாழ்ப்பாணத்தில் நின்றோம். குருநகரில் என் தங்கை வீட்டு மேல் அறையில் இருந்து அவள் பத்து நாள் வேலை செய்து பார்த்தாள். மேல் அறை, வாடகைக்கு என்றால் மாதம் நாற்பத்தையாயிரம் ரூபாய் போகும். கோடைக்காலத்தில் இங்கே காலை ஒன்பது என்றால் அங்கே மதியம் பன்னிரண்டரை. அவள் சாப்பிட்டுவிட்டு மேலே போவாள். நான் படியில் இருந்து கரண்ட் நிற்கிறதா என்று காவல் இருப்பேன். நான்கு தரம் நின்றது. ஒருநாள் மட்டும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். பற்றரிப் பெட்டி ஒன்று வாங்கி வைத்ததால் இணையம் அறவில்லை. அறுத்தது மாதா கோயில் ஒலிபெருக்கிதான். திருநாள் அறிவித்தல் தொடங்கினால் அவளுடைய கூட்டத்தில் இருக்கும் ஜேர்மன்காரர் எல்லாரும் செபமாலை கேட்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் நாலாம் நாள் வந்து என் தங்கையிடம் இரகசியமாகக் கேட்டார்: "பிள்ளைக்கு அங்க வேலை போட்டுதோ? நாள் முழுக்க அறைக்குள்ள இருக்குது."

ஏன் அங்கே இருக்க ஆசை என்று அவளிடம் கேட்டேன்.

"இஞ்சையும் எங்கயிருந்து வாறீர் எண்டு கேக்கினம், அங்கயும் கேக்கினம் அப்பா. அங்க 'அன்ரனியின்ர மகள்' எண்டு சொன்னவுடன கேள்வி முடியுது. இஞ்ச முடியிறேல்லை."

அதைக் கேட்ட பிறகு நானே வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனால்தான் நிறுவனத்தின் பதிலை நம்பினேன்.

9.15. சீகனில் மூன்றாவது ரயில். எனக்கு எதிரே நரைத்த மீசைக்காரர் ஒருவர் வந்து இருந்தார். நான் சொல்லப்போவதை மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன் நான். வேலைத்தளத்து ஜேர்மன் எனக்கு நன்றாக வரும். வால்வு, திருகாணி, மேலதிக நேரம் எல்லாம் சொல்வேன். ஆனால் யாழ்ப்பாணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஜேர்மன் முழுவதும் அகதி வழக்கில் வந்தது. வழக்கு ஆறு வருடம் இழுத்தது. வக்கீல், கந்தோர், முகாம் பொறுப்பாளர் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: ஏன் திரும்பிப் போக முடியாது? நானும் அதே வசனங்களைச் சொல்லிச் சொல்லி, அவை செபம் மாதிரிப் பாடமாகிவிட்டன. அந்த ஊரின் கடலுக்கோ கிணற்றுக்கோ சந்தைக்கோ என்னிடம் ஜேர்மன் வசனம் இல்லை.

மீசைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "விசாரணையா?" என்றார்.

"இல்லை. மகளின் வேலை விடயம்."

"நானும் ரயிலில் எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னேன்" என்று சிரித்தார். சிரியாவில் ஹொம்ஸ் நகரத்தில் வெதுப்பகம் வைத்திருந்தவராம். முன்னால் குனிந்து சொன்னார்: "ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். முதல் தரம் என்ன சொன்னீர்களோ அதையே சொல்லுங்கள். ஒரு சொல்லும் மாறக் கூடாது."

"உங்கள் ஊர் இப்போது எப்படி?" என்று கேட்டேன். பேச்சை மாற்றத்தான்.

"அதுதான் பிரச்சினை. நல்லது என்று சொன்னால் கந்தோரில் 'அப்போ போ' என்பார்கள். கெட்டது என்று சொன்னால் மனைவி 'பிறகு எதற்கு அங்கே கூரை போடக் காசு அனுப்புகிறாய்' என்பாள்."

கீசனில் அவர் இறங்கினார். எனக்கு ஜேர்மன் கடவுச்சீட்டு கிடைத்துப் பதினெட்டு வருடம். என்னை யாரும் எங்கும் அனுப்ப முடியாது. அது தெரிந்தும் சட்டைப் பையில் கடவுச்சீட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். முன்பு போக முடியாது என்று கையெழுத்து வைத்தவன் இன்று என்ன சொன்னாலும் எங்கோ ஒரு கோப்பில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள் என்ற எண்ணம்.

11.10. பிராங்பேர்ட். ஷரோன் மேடையிலேயே நின்றாள். நிலையத்துக் கோப்பி மூன்று யூரோ இருபது சதம். வாங்கித் தந்தாள், குடிக்க முடியவில்லை. அவளுடைய நிறுவனம் இருக்கும் நீடர்ராட்டுக்கு எஸ்-பான் என்ற நகர ரயிலில் சில நிமிடம். அங்கே வீடுகளைவிடக் கண்ணாடிக் கட்டடங்கள் அதிகம்.

"அப்பா, உள்ளதைச் சொன்னாக் காணும். ஒண்டும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"ஓம்" என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல்.

1.30. நான்காம் மாடியில் ஒரு சிறிய அறை. பாதுகாப்புக்குப் பொறுப்பான திருமதி கெல்லர், மடிக்கணினியோடு. அவருக்குப் பக்கத்தில் ஷரோனின் குழுத் தலைவர் கார்த்திக், கோயம்புத்தூர்க்காரர். கை கொடுத்து, "வாங்க அங்கிள், ட்ரெயின் டைமுக்கு வந்துச்சா? இந்த ஊர்ல அதுவே பெரிய அதிசயம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஷரோன் என்னைப் பார்த்தாள்.

திருமதி கெல்லர் அன்பான குரலில், "உங்கள் நகரத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்.

மேசை, எதிரே ஒரு ஜேர்மன் பெண், தட்டச்சு. வாயைத் திறந்தேன். பழைய வசனங்கள் அவையாகவே வந்தன. எங்கள் நகரத்தில் குண்டு விழுகிறது. இளைஞர்களை வீட்டுக்கு வந்து பிடிக்கிறார்கள். பிடித்தவர்கள் திரும்பி வருவதில்லை. இரவில் வெளியே போக முடியாது. எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், திருத்தமான ஜேர்மனில் சொன்னேன்.

திருமதி கெல்லரின் விரல்கள் நின்றன. பிறகு முன்னைவிட வேகமாக அடித்தன. நான் வந்த வேலை ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது என்று விளங்கியது. நான் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வசனமும் என் கண்ணால் பார்த்தது. ஷரோன் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தன் தண்ணீர்க் கிளாசை என் பக்கம் தள்ளி வைத்தாள். நான் அவளைத் தடுக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அப்பா பயந்துபோய் இருக்கிறார் என்றுதான் தோன்றியிருக்கிறது.

கார்த்திக் குனிந்து தமிழில் கேட்டார். "அங்கிள், ஒரு நிமிஷம். இதெல்லாம் எப்ப நடந்துச்சு? போன ஆகஸ்ட்லயா?"

பேசாமல் இருந்திருக்கலாம். தண்ணீரைக் குடித்தேன்.

"இல்லைத் தம்பி. அது தொண்ணூறில நான் கண்டது. சண்டை முடிஞ்சதுக்குப் பேந்து இல்லை."

"பேருந்து இல்லையா?"

"பேந்து!" என்றாள் ஷரோன். "'அப்புறம்' எண்டு அர்த்தம், கார்த்திக்."

"ஓ! நான் பஸ் ஓடலைன்னு நெனச்சேன்." சிரித்துவிட்டு, உடனே நிறுத்தினார். "ஆனா அங்கிள், ஜெர்மன்ல நீங்க எல்லாத்தையும் ப்ரெசன்ட் டென்ஸ்ல சொல்லிட்டீங்க. இப்ப குண்டு விழுதுன்னுதான் அவங்க டைப் பண்ணிட்டு இருக்காங்க."

நான் அதை யோசித்ததே இல்லை. அந்த வசனங்களைப் பழகிய நாளில் அவை நடந்துகொண்டிருந்தன. பிறகு யாரும் கேட்கவில்லை, நானும் மாற்றவில்லை. விழுகிறது என்பதை விழுந்தது என்று மாற்ற எனக்கு ஜேர்மன் இலக்கணம் போதாது. ஆனால் ஒரு சொல் தெரியும். வேலைத்தளத்தில் ஓய்வுக்குப் போகப்போகிற கிழவர்கள் இடைவேளையில் எந்தக் கதையையும் 'டமால்ஸ்' என்றுதான் தொடங்குவார்கள். அந்தக் காலத்தில் என்று அர்த்தம்.

திருமதி கெல்லரைப் பார்த்து, "டமால்ஸ்" என்றேன். பிறகு முதலில் இருந்து தொடங்கினேன். டமால்ஸ், எங்கள் நகரத்தில் குண்டு விழுகிறது. டமால்ஸ், இளைஞர்களைப் பிடிக்கிறார்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் அதை வைத்தேன். ஒவ்வொன்றையும் சொல்லும்போது ஏதோ கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போல இருந்தது. ரயிலில் அந்த மனிதர் சொன்னதற்கு நேர்மாறான வேலை. திருமதி கெல்லர் அடித்ததை அழித்து அழித்துத் திருத்தினார்.

மிச்சத்தைத் தமிழில் சொன்னேன், கார்த்திக் மொழிபெயர்த்தார். கரண்ட், பற்றரி, ஒலிபெருக்கி, வெக்கை, நுளம்புக் கடி, நடந்து போகும் தூரத்தில் இருக்கும் பெரியாஸ்பத்திரி. இராணுவம் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

"இருக்கினம். அவையளைக் கண்டா நான் இண்டைக்கும் ரோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போயிடுவன். பிள்ளைக்கு ஒண்டும் இல்லை. அவள் அவையளிட்டயே போய் வழி கேட்டவள்."

"பிழையான வழிதான் காட்டினவை" என்றாள் ஷரோன்.

கடைசியாகத் திருமதி கெல்லர் கேட்டது படிவத்தில் இருந்த கேள்வி. நிலைமை மாறினால் அவளைத் திருப்பிக் கூட்டி வருவதற்கு அந்த இடத்தை அறிந்த ஒருவர் வேண்டும், யார்? கார்த்திக் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். அதற்குள் நான், "இஷ்" என்று சொல்லிவிட்டேன். நான் என்று அர்த்தம். ஓடி வந்த ஊருக்குள் ஒருவரைக் கூட்டி வரப் போவேன் என்று கையெழுத்தும் வைத்தேன்.

ஆறு மாதம் கிடைக்கவில்லை. ஜனவரியில் இருந்து மூன்று மாதம். பிறகு மறுபடி பார்ப்பார்களாம்.

3.00. நீடர்ராட் மேடையில் ஷரோன் கேட்டாள். "முதல்ல ஏன் அப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உன்னை அங்க போக விட எனக்கு விருப்பமில்லை."

"தெரியும்."

"தெரிஞ்சு ஏன் என்ர பேரைக் குடுத்தனீ?"

"வேற ஆரைக் குடுக்க? உங்களைவிட அந்த ஊருக்குப் பயந்த ஆள் ஜேர்மனியில இல்லை. நீங்கள் ஓம் எண்டா அது ஓம்தான்."

திரும்பிய வழியில் மூன்று ரயிலிலும் எனக்கு எதிரே யாரும் இருக்கவில்லை. இரவு ஹம்மில் இறங்கியபோது தெருவெல்லாம் வெளிச்சம். இங்கே கரண்ட் நின்று நான் கண்டது முப்பத்துநாலு வருடத்தில் இரண்டு தரம். ஒலிபெருக்கி இல்லை, சீருடை கண்டால் பயம் இல்லை. இருந்தும் அவள் அங்கேதான் போகிறாள்.

யாழ்ப்பாணம் வீட்டில் இருந்து வேலை செய்பவர்களுக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பற்றரிப் பெட்டி வாங்குங்கள், கோயிலுக்குத் தூரமாக அறை எடுங்கள், பொருந்தும். அவர்களுடைய அப்பாமாருக்குப் பொருந்துமா என்று என்னைக் கேட்க வேண்டாம்.

மறுநாள் காலை வேலைத்தளத்தில் எங்கள் பொறுப்பாளரிடம் போனேன். இருபத்தாறு வருடத்தில் நானாக அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை. வருகிற வருடத்து லீவில் பத்து நாளைத் திகதி போடாமல் வைத்திருக்க வேண்டும், தேவைப்பட்டால் ஒரு நாள் முன்னறிவித்தலில் போவேன் என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

"கூட்டி வருவதற்குப் பத்து நாளா?" என்று கேட்டார்.

"போக இரண்டு, வர இரண்டு. மற்ற ஆறும் அவளைச் சம்மதிக்க வைக்க."

அவர் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு பத்து நாளையும் எழுதினார். நான் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.