பதினோராவது ரீல்

அம்பத்தூரில் அந்தத் தியேட்டரின் ஆபரேட்டர் அருள்தாஸ் பத்தொன்பது வருஷ வேலையில் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சென்னீர்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவார், படம் ஓட்டுவார், போவார். மாதா கோயிலில்கூடக் கடைசி பெஞ்சுதான்.

எண்பத்தேழில், தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கதவடைத்து நாற்பது நாள் ஆகியிருந்தபோது, பழைய படமொன்று மதியக் காட்சிக்கு வந்தது. கொடுங்கோல் ராஜாவை எதிர்த்து ஜனங்கள் கிளர்ந்தெழும் கதை. வசனத்தைவிடப் பாட்டு அதிகம். வேலையில்லாமல் நின்ற தொழிலாளர்கள் கும்பலாக வந்தார்கள். பதினோராவது ரீலில் ஜனங்கள் பாடிக்கொண்டே சிறைக்கதவை உடைத்து நாயகியை மீட்பார்கள். முதல் நாள் அந்தப் பாட்டுக்குத் தியேட்டரே எழுந்து நின்றது.

மறுநாள் தியேட்டர் முதலாளி ராஜசேகரன் கேபினுக்குப் படியேறி வந்தார். கம்பெனிக்காரர் அவருக்கு வேண்டியவர்.

“அருளு, அந்த ரீலு இன்னிக்கு வாணாம். பத்து முடிஞ்சதும் பன்னெண்டப் போட்டுடு. வெளிய போலீஸ் வண்டி நிக்குது, பாத்தியா?”

“சரிங்க மொதலாளி.”

பத்து முடிந்தது. சிறையில் கிடந்த நாயகி மறு நொடியில் அரண்மனைப் படியில் நின்றாள். கீழே சற்று நேரம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கூச்சல் கிளம்பியது.

“டேய் ஆபரேட்டரு! பாட்ட இன்னாடா பண்ணே?”

நாற்காலிகள் முறிந்தன. அருள்தாஸ் கேபின் துவாரத்தின் வழியே கீழே பார்த்தார். ஒருவன் நெற்றியில் ரத்தம் வழிந்தது. பின்கதவில் லத்திகள் தெரிந்தன. மிஷினை நிறுத்தி, பெட்டியிலிருந்து பதினோராவது ரீலை எடுத்தார்.

முதலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார். “அத்தக் கீழ வை! போட்டேன்னா நாளைலேர்ந்து இங்க வராத.”

“போடலன்னா இப்பவே போலீஸ் உள்ள பூந்துடும் மொதலாளி. அவுங்க கேக்குறது பாட்டு ஒண்ணுதான்.”

கேபின் கதவை யாரோ உதைத்தார்கள். பிலிம் இரண்டு முறை பல்சக்கரத்தில் மாட்டாமல் நழுவியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது.

பாட்டு தொடங்கியதும் கூச்சல் பாதியில் அறுந்தது. நின்றவர்கள் உடைந்த நாற்காலியிலும் தரையிலும் உட்கார்ந்து கூடவே பாடினார்கள். லத்திகள் கதவோடு நின்றுவிட்டன. படம் முடிந்து எல்லோரும் அமைதியாக வெளியேறினார்கள்.

அன்றோடு வேலை போயிற்று.

“ஒனக்கு இன்னாத்துக்குய்யா இந்த வம்பு?” என்று அழுதாள் மனைவி ஞானகுமாரி.

“நடுவுல உருவுனது நாந்தானே. நாந்தான சேக்கணும்” என்றார்.

இரண்டு மாதம் கழித்துப் பூந்தமல்லித் தியேட்டர் ஒன்றில் சேர்ந்தார். மழைக்காலத்தில் கம்பெனியும் திறந்தது. ஒருநாள் பஸ்ஸில் அந்தத் தொழிலாளர்களில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். “நாம போட்ட சத்தத்துல ஆபரேட்டரு நடுங்கிட்டான் மாமே. அப்புறந்தான் போட்டான்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆபரேட்டரின் முகத்தை யார் பார்த்திருக்கிறார்கள்? அருள்தாஸ் தன் நிறுத்தம் வந்ததும் அவர்களை விலக்கிக்கொண்டு இறங்கினார்.